தையல் பிரிப்பதற்கு முன்

போன மாதம் என் மருமகளுக்குக் குடல்வாலை எடுத்தார்கள். மதுரையில், வயிற்றைக் கிழிக்காமல் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன். காலையில் உள்ளே கொண்டுபோனார்கள், சாயங்காலம் எழுந்து உட்கார்ந்துவிட்டாள், மறுநாள் காரைக்குடிக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் பார்த்தால் தொப்புளில் ஒன்று, கீழே இரண்டு, சின்னச் சின்ன பிளாஸ்திரி ஒட்டு. அவ்வளவுதான். ஒரு வாரம் கூட இருக்கிறேன் என்று லீவு போட்டு வந்த என் மகன், "அதான் நல்லாயிட்டாளேம்மா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்த மறுநாளே சென்னைக்கு பஸ் ஏறிவிட்டான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், இல்லை என்று சொன்னால் நாக்கு வெந்துபோகும். ஆனாலும் மனசின் ஒரு மூலையில், ஐயோ, இந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு வாரம் கிடைக்காமல் போச்சே என்று இருந்தது. வெளியே சொன்னால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். ஆறாவது படிக்கும்போது வயசுக்கு வந்துவிட்டேன் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். எழுத்து அவ்வளவு அழகாக வராது. கவலைப்படுவது மட்டும் யாரும் சொல்லித் தராமலே நன்றாக வந்தது.

என் வயிற்றில் இருப்பது வேறு மாதிரி. வலது பக்கம், அடிவயிற்றில், சாய்வாக ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு. அறுபதுகளின் கடைசியில் போட்ட தையல்.

என் வீட்டுக்காரர் சபராளி. கடல் கடந்து போய்ச் சம்பாதிக்கிறவர்களை எங்களில் அப்படித்தான் சொல்வோம். அவருக்குப் பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. கல்யாணமான இரண்டாம் மாசமே கப்பல் ஏறிவிட்டார். மூன்று வருஷம் கழித்து முதல் தடவையாக ஊருக்கு வந்திருந்தார். வந்தும் என்ன? பகலில் அவர் முன்கட்டில் ஆம்பளைகளோடு, நான் அடுப்படியில். பெரியவர்கள் பார்க்கப் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. என் பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இந்தா" என்பார், அதுவும் யாரும் இல்லாத நேரம் பார்த்து. இப்படியே மாதங்கள் ஓடி, திரும்பிப் போகக் கப்பலுக்குச் சீட்டும் வாங்கியாகிவிட்டது. நாகப்பட்டினத்தில் கப்பல். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நான் கடலைப் பார்த்தது கூடக் கிடையாது. ஆனால் அந்தக் கப்பல் எத்தனை விதமாக முழுகும் என்று அடுப்படியில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். எல்லாருக்கும் சோறு போட்டு முடித்தேன். வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது, கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தால் மாமி நிற்கிறார். மாமி என்றால் என் மாமியார்.

"என்னத்தா, மூஞ்சி வெளிறிக் கெடக்கு? நாள் தள்ளியிருக்கா?"

நாலைந்து நாள் தள்ளித்தான் இருந்தது. தலையை ஆட்டினேன்.

"யா அல்லா! எம்மகன் இந்தத் தடவை வெறுங்கையோட கப்பலேறல!"

அவ்வளவுதான். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிண்ணத்தில் சீனி போய்விட்டது. எங்கள் தெருவில் நல்ல சேதி என்றால் சீனிதான். வாங்கிக்கொண்ட பெண்கள் வரிசையாக வந்து என் கன்னத்தைத் தடவினார்கள். "கெட்டிக்காரிதான். சீட்டு வாங்கின பொறகு புடிச்சிட்டா பாரு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வயிற்றில் வலி தொப்புளைச் சுற்றி இருந்தது. சிரிக்கச் சிரிக்க அது வலப்பக்கமாக இறங்கியது.

பிள்ளை உண்டானால் இப்படியும் வலிக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு என்ன தெரியும், முதல் தடவை. வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சந்தோஷம் கலைந்துவிடுமோ என்று பயம் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் குனிந்தபடிதான் நடக்க முடிந்தது. என் ஓர்ப்படியாள், வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சலடிக்குது மாமி, வயித்துச் சூடுதான். ஒரு கரண்டி வெளக்கெண்ணெய் குடுப்பம்" என்றாள்.

மாமி பாய்ந்தார். "புள்ளத்தாச்சிக்கு வெளக்கெண்ணெயா? உண்டானது கலைஞ்சு போகவா? அங்குட்டுப் போ!"

அப்போதுதான் என் வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். ஆம்பளைகள் வராத இடம். குடத்தைப் பிடித்துக்கொண்டு கூனி நின்ற என்னைப் பார்த்தார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் மாமியிடம் சொன்னார்: "சந்தோசமெல்லாம் பொறகு பாப்பம்மா. மொதல்ல வண்டி கொண்டாரச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் வயிற்றின் வலப்பக்கத்தை மெதுவாக அமுக்கினார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கையைச் சட்டென்று எடுத்தாரே, அப்போது கத்திவிட்டேன்.

"இது பிள்ளை இல்லம்மா. குடல்வால் வீங்கியிருக்கு. இன்னைக்கே எடுத்தாகணும்" என்றார். மாமியைப் பார்த்து, "பேதிக்கு, வெளக்கெண்ணெய் கிளக்கெண்ணெய் எதுவும் குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லையே."

"நல்ல வேளை. குடுத்திருந்தா உள்ளேயே வெடிச்சிருக்கும்."

மாமி சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். "தெருப் பூராச் சீனி குடுத்துட்டேனே" என்று முணுமுணுத்தார். இல்லாத பிள்ளைதான் என்னைக் காப்பாற்றியது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, இல்லை என்றாகிவிட்டதே என்பது மட்டும்தான் தெரிந்தது. அவர் போய்விடுவார், இனி எத்தனை வருஷமோ.

என் வீட்டுக்காரர் டாக்டரம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "எத்தனை நாள் படுக்கணும்?"

"எட்டாம் நாள் தையல் பிரிப்போம்."

அவர் விரலை மடக்குவதைப் பார்த்தேன். நானும் போர்வைக்குள் மடக்கினேன். ஏழாம் நாள் சாயங்காலம் அவருக்கு ரயில்.

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது எனக்குக் கத்தி பயமாக இல்லை. மயக்கம் தெளிய நாள்கணக்கில் ஆகிவிட்டால்? கண் விழித்துப் பார்க்கையில் அவர் கப்பலில் இருந்தால்? முதல் தடவையாக அவரிடம் வாயைத் திறந்து ஒன்று கேட்டேன்: "நான் முழிக்கிறதுக்குள்ள போயிராதீக."

"கப்பல் அடுத்த வாரந்தான். எங்கே போகப் போறேன்?" என்றார்.

கண் விழித்தபோது நாக்கு பசை தடவின மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் கேட்டேன். கூடாதாம். வாயு பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம், அதற்கப்புறம்தான் ஒரு சொட்டுத் தண்ணீரும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றலாம். ஓர்ப்படியாளுக்குக் கைக்குழந்தை, மாமிக்கு வீட்டில் அத்தனை பேருக்குச் சமையல். அதனால் இருட்டினால் மாமி வருவது, பகலில் அவர் இருப்பது என்று ஏற்பாடு. பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டில் பஞ்சு வைத்தார். வலியிலும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பக்கத்துக் கட்டிலில் அரியக்குடிக்காரம்மா ஒருவர், கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர். அவர் வீட்டுக்காரர் தச்சு ஆசாரி. அந்த அம்மாவுக்கு வாய் ஓயாது.

"ஏத்தா, பிரிஞ்சிச்சா?"

என் வீட்டுக்காரர் எதிரிலேயே கேட்பார். நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன்.

"வெக்கப்பட்டா தண்ணி கெடைக்காது பாத்துக்க. எனக்கு நேத்துப் பிரிஞ்சது, ரெண்டு டம்ளர் காப்பி குடிச்சுட்டேன்."

மறுநாள் மத்தியானம். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நான் எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சத்தம் வந்துவிட்டது. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று கிடந்தேன். அவர் விசிறியைப் போட்டுவிட்டு எழுந்தார். என் பேரைச் சொல்லி, ஆமாம், அந்த வார்டு முழுக்கக் கேட்க என் பேரைச் சொல்லி, "சிஸ்டர்! வாயு பிரிஞ்சிருச்சு! தண்ணி குடுக்கலாமா?" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

அரியக்குடிக்காரம்மா கைதட்டினார். "அடி சக்கை! இதுக்கும் தெருப் பூராச் சீனி குடுக்கச் சொல்லுங்க தம்பி!" சீனி விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் சுண்டி இழுத்தது. என் வீட்டுக்காரர்தான் தலையணையை எடுத்து வயிற்றோடு வைத்து, "இப்படி அமுக்கிக்கிட்டுச் சிரி" என்றார். அன்று குடித்த தண்ணீர் மாதிரி அப்புறம் எதையும் குடித்ததில்லை.

அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தோம். வெட்கம் எல்லாம் அந்தச் சத்தத்தோடு போய்விட்டது போலிருக்கிறது. வெட்டி எடுத்த குடல்வாலைப் பாட்டிலில் போட்டு அவருக்குக் காட்டினார்களாம். "இம்புட்டுத்தான் இருந்துச்சு, ஊறுன நெத்திலியாட்டம். அதுக்கா இந்தப் பாடு" என்றார். பினாங்கைப் பற்றிச் சொன்னார். மத்தியானமானால் மழை பெய்யுமாம். கடை சாத்தின பிறகு, சாப்பாட்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல்தான் படுப்பாராம். நான் கட்டில், மெத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கப்பல்ல பயமா இருக்காதா?" என்று கேட்டேன்.

யாரும் கேட்கிறார்களா என்று அங்குட்டும் இங்குட்டும் பார்த்தார். "கரை மறையிற வரைக்கும் நான் மேல்தட்டுக்கே வரமாட்டேன். கண்ணை மூடிட்டுக் கீழயே கெடப்பேன். யார்ட்டயும் சொல்லிராத."

நான் ஒருத்திதான் கவலை பிடித்தவள் என்று இருந்தேன். கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில், அவர் யார் என்று அந்த வார்டில்தான் எனக்குத் தெரிந்தது. புண் சீக்கிரம் ஆற வேண்டும் என்று மாமி நேர்ச்சை செய்திருந்தார். நான் ஒவ்வொரு நாள் காலையிலும் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்க்கும்போது, இன்னும் ஆறவில்லை என்று சொல்லமாட்டாரா என்று அவர் முகத்தையே பார்ப்பேன். "நல்லா ஆறுது" என்பார். நான் போர்வைக்குள் இன்னொரு விரலை மடக்குவேன்.

ஏழாம் நாள் வந்தது. எங்கள் வீட்டில் சபருக்குப் புறப்படுகிறவர்கள் முன்கட்டில் நின்று துஆ ஓதி, வலது காலை வைத்து இறங்குவார்கள். பெண்டாட்டி உள்கட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டியது. இடுக்கு வழியாகச் சட்டையின் முதுகு தெரிந்தால் உண்டு. புறப்பட்டவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் பயணம் விளங்காது. முதல் தடவை நான் அப்படித்தான் முதுகைப் பார்த்து அனுப்பினேன்.

இந்தத் தடவை ஸ்டேஷனுக்குப் போகிற வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. கட்டிலுக்குப் பக்கத்தில், கதவில்லாமல் இடுக்கில்லாமல், நேருக்கு நேர் நின்றார்.

"நாளைக்குத் தையல் பிரிக்கையில பல்லக் கடிச்சுக்க" என்றார்.

"கரை மறையிற வரைக்கும் கண்ணை மூடிக்கங்க" என்றேன்.

போய்விட்டார். வார்டின் கடைசி வாசல் தாண்டினதும் சுவர்ப்பக்கம் திரும்பினேன். செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. பார்த்தால் அவர். "பிளாஸ்கை மறந்துட்டேன்" என்றார்.

பிளாஸ்க் எனக்கு வெந்நீர் வைக்கிறது. அரியக்குடிக்காரம்மா விடவில்லை. "ஏன் தம்பி, பினாங்குல வெந்நி கெடைக்காதா?"

அவர் பிளாஸ்கைக் கையில் எடுத்தார், பார்த்தார், மறுபடி ஸ்டூல்மேல் வைத்தார். சிரித்துவிட்டார். நானும் தலையணையை அமுக்கிக்கொண்டு சிரித்தேன், தையல் இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அது எதனால் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் அடுத்துத் திரும்பி வந்தபோது தழும்பு வெளுத்துப் போயிருந்தது. அதற்கப்புறம்தான் எங்களுக்குப் பிள்ளை பிறந்தது, மறுபடி கப்பல், பிறகு விமானம். கடைசியாக ஊரோடு வந்து தங்கினார், நோயாளியாக. அவர் போய் இப்போது பல வருஷம் ஆகிவிட்டது. எங்கள் ஆயுசில் பகல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியது அந்த ஒரு வாரம்தான். மழைக்காலத்தில் தழும்பு இன்னும் லேசாக இழுக்கும். கையை வைத்துக்கொண்டு கிடப்பேன்.

நேற்று மகன் போன் செய்தான். மருமகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா இருக்கா?"

"இன்னும் முழுசா ஆறலப்பா."

"டாக்டர் நல்லாயிருச்சுன்னுதானே சொன்னாரு?"

"டாக்டருக்கு என்ன தெரியும்? லீவுதான் மிச்சம் இருக்கே, கெளம்பி வா."

உள்ளே துணி மடிக்கிற சத்தம் நின்றுபோனது.