மேல்தட்டில் வைத்த பாட்டில்

இதில் வரும் நேரமெல்லாம் நான் கைக்கடிகாரத்தில் பார்த்தது. கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. நான் குடிப்பவன் இல்லை. 1984 ஆடி மாதம், ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை ஓட்டு வீட்டில் நடந்தது. சந்தேகப்படுகிறவர்கள் படட்டும். முதலில் சந்தேகப்பட்டவனே நான்தான். ஆனால் தப்பான ஆள்மேல்.

அப்போது ஒரு வார்ப்படக் கம்பெனியில் எனக்கு நிரந்தர நைட் ஷிஃப்ட். காலையில் வீட்டுக்கு வந்து, எட்டு மணிக்குப் படுப்பேன். ஜன்னலில் சாக்கை மாட்டிவிட்டால் அதுதான் என் ராத்திரி. வீட்டில் நான், மனைவி லீலா, பத்து மாதப் பையன். அவன் தவழ ஆரம்பித்திருந்தான். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும்.

குடிவந்த ஒன்பதாம் நாள். செவ்வாய்க்கிழமை, காலை 6.50. அடுக்களைத் தரையின் நடுவில் மண்ணெண்ணெய் பாட்டில் இருந்தது. பக்கத்தில், ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றுகிற அலுமினிய டம்ளர். அதில் பாதிக்கு மண்ணெண்ணெய். நாலடி தள்ளி, முன்னறையில் பாயில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

“அறிவு இருக்குதா உனக்கு?”

“நான் மேலதான்யா வச்சேன். படுக்கறதுக்கு மின்ன.”

“அப்ப அதுவா எறங்கி வந்துச்சா?”

லீலா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலையும் அதே இடம். அதே டம்ளர்.

அன்று நான் படுக்கவில்லை. அடுக்களையை முழுசாகக் காலி செய்து மறுபடி அடுக்கினேன். முழங்காலுக்குக் கீழே ஒரு சாமான் இல்லை. அரிசி, பருப்பு டப்பாக்கள் நடுத்தட்டில். பாத்திரங்கள் கீழ்த்தட்டில். மண்ணெண்ணெய், டம்ளர், அரிவாள்மனை, எலி மருந்து, தீப்பெட்டி ஐந்தும் என் தலைக்கு மேலிருந்த மேல்தட்டில். எங்கள் கம்பெனி ஸ்டோரில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் பலகையில் அதன் உருவத்தைக் கோடாகப் போட்டிருப்பார்கள். எது இல்லை என்று கோடே சொல்லிவிடும். அதேபோல அந்த ஐந்து சாமானைச் சுற்றியும் சாக்கட்டியால் கோடு போட்டேன். சாக்கட்டியையும் மேலேயே வைத்தேன்.

பக்கத்து வீட்டு மரகதம் எட்டிப் பார்த்தாள்.

“இன்னா லீலா, உன் வூட்டுக்காரரு அடுக்களைய கம்பெனி ஆக்கிட்டாரா? இனிமே கார்டு அடிச்சிட்டுத்தான் சோறு ஆக்கணுமா?”

லீலா சிரிக்கவில்லை.

வியாழன் காலை 6.48. கோடுகள் அழியவில்லை. மூன்று கோட்டுக்குள் சாமான் இருந்தது. இரண்டு காலி. பாட்டில் தரையில்... டம்ளர் இந்தத் தடவை நிரம்பியிருந்தது.

கதவு உள்தாழ் போட்டிருந்தது. லீலாதான் எனக்குத் திறந்துவிட்டாள். ஜன்னலில் கம்பி. பூனை பாட்டிலைத் தள்ளும். டம்ளரில் ஊற்றி வைக்காது.

மிச்சம் இருந்தது லீலா ஒருத்திதான். அவளுக்கு அந்த வீடு முதல் நாளே பிடிக்கவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து சரியான தூக்கமும் இல்லை. ஒன்று, வீடு மாற்றுவதற்காக நாடகம் ஆடுகிறாள். இல்லையென்றால்... பையன் குடிக்க வேண்டும் என்று வைக்கிறாள். அதன்பிறகு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு பிசையும்போதும். பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும்.

“நாளைக்கி சாயந்தரம் எங்கக்கா ராஜாமணி வருது. கொயந்தைய இட்டுகினு போயிடும்,” என்றேன்.

“என்கிட்டேருந்தா?”

“ஆமா.”

“அது இன்னும் பால் குடிக்குதுய்யா.”

“புட்டிப்பால் குடிக்கட்டும்.”

அவள் அழவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அன்று ராத்திரி முழுக்க அப்படியே இருந்ததாகப் பிறகு சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை எல்லாம் அதனதன் கோட்டுக்குள் இருந்தன. அவள் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பகல் 1.35க்கு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள். நானே கதவைத் தாழிட்டேன். மேல்தட்டைப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன. படுத்தேன்.

2.20. டக்.

மரத்தில் கண்ணாடி படும் சத்தம்.

எழுந்து போனேன். பாட்டில் நடுத்தட்டில் இருந்தது.

கதவைத் திரும்பிப் பார்த்தேன். தாழ் போட்டபடி இருந்தது.

மறுபடி அடுக்களையைப் பார்த்தேன். பாட்டில் கீழ்த்தட்டில்.

நகர்ந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்காதபோதுதான் நகர்ந்தது.

கண் கொட்டாமல் நின்றேன். 2.26. கண் எரிந்தது.

கொட்டினேன்.

பாட்டில் தரையில். பக்கத்தில் டம்ளர். விளிம்பு வரை மண்ணெண்ணெய்... அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

சர்ர்... சர்ர்...

என் காலடியில். சாக்கட்டி தரையில் தேயும் சத்தம்.

நின்றது. கண்ணைத் திறந்தேன். 2.31.

பாட்டிலைச் சுற்றி ஒரு கோடு.

டம்ளரைச் சுற்றி ஒரு கோடு.

டம்ளருக்கு எதிரே மூன்றாவது கோடு. கால் இரண்டையும் விரித்து உட்கார்ந்த உருவம்.

சின்னக் கால்கள்.

கதவு தட்டும் சத்தம். “யோவ்... தொற.”

திறந்தேன். லீலா இடுப்பில் பையன். என் தோளுக்கு மேலாக அடுக்களையைப் பார்த்தான். சிரித்தான். தூக்கச் சொல்லும்போது நீட்டுவானே, அப்படி இரண்டு கையையும் நீட்டினான்.

“உள்ள யாருய்யா கீறாங்க?” என்றாள் லீலா.

“எறக்காத. அவன எறக்காத.”

செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு வந்தோம். சாயந்தரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய அக்காவை அப்படியே திருப்பி ஏற்றினேன். நாங்களும் ஏறினோம். பையன் லீலா மடியில்தான் இருந்தான். வேலைக்கு நான் திரும்பப் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கம்பெனி யூனிஃபார்மை ஒப்படைக்கப் போனேன். கேட்டுக்கு எதிர் டீக்கடையில் தசரதன் இருந்தான். பெயின்டிங் செக்‌ஷன் ஆள். முகம் மட்டும் பழக்கம். ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டான். வீட்டைச் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் அங்கே குடியிருந்தானாம். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. மண்ணெண்ணெய் குடித்துச் செத்தது. மனைவி பெயர் அம்சவல்லி.

“தெனம் மேலதான் வச்சேன்னு சொல்லிகினே இருந்தா,” என்றான். “கோர்ட்ல என்னக் கேட்டாங்க. அவதான் குடுத்திருப்பான்னு சொன்னேன்.”

“நீ பாத்தியா?”

“நான் எங்க பாத்தேன். நைட் ஷிஃப்ட்.”

நான் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். முடித்தபோது அவன் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. பிறகு பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான்.

“இத யாராண்டயும் சொல்லாத,” என்றான். “அவ இன்னும் ஜெயில்லதான் கீறா.”