ஷாட் இல்லாத வாய்ப்பு

ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணியில் இருபது வயதுக்காரர்கள் மூன்று பேருக்குத்தான் இடம். ரஸ்லர்ஸ் அணியில் நான்கு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் மேல் கோச் பிரெஸ்லர் கை வைக்கமாட்டார். மிஞ்சிய இருவரும் தடுப்பாட்டக்காரர்கள்: பிராடி ரெம்பலும், லெஸ்யாவின் தம்பி டானிலோவும். இன்றைய ஆட்டம் முடிந்ததும் ஒருவன் மூட்டை கட்டவேண்டும்.

லெஸ்யா பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். பகலில் விதை சுத்தம் செய்யும் ஆலையில் வேலை. ஆட்ட நாட்களில் அரங்கத்தின் உச்சிப் படியில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்புகளை வீடியோவில் குறிப்பாள். கோலுக்கு முன்னால் உள்ள பனித்தளத்தைக் கோச்சுகள் 'வீடு' என்பார்கள். வெளியிலிருந்து எத்தனை முறை அடித்தாலும் அவள் சட்டை செய்யமாட்டாள். வீட்டுக்குள் காவல் இல்லாத ஒருவனிடம் வட்டு வந்தால் அது வாய்ப்பு. கதவைத் திறந்துவிட்டவன் எவனோ, அவன் பெயரில் போட்டுவிடுவாள். யாரை வைத்துக்கொள்வது என்று கோச் முடிவெடுப்பது அந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

நவம்பரில் அப்படி ஒன்றைத் தன் பெயரில் போட்டதற்காக ரெம்பல் படியேறி வந்து சண்டை பிடித்தான்.

"வட்டு கிடைச்சவன் அடிக்கவே இல்லையே, லெஸ்யா!"

"திருடன் ஒண்ணும் எடுக்கலைன்னா, கதவு பூட்டியிருந்துச்சுன்னு அர்த்தமாடா?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப்போனான்.

இன்று கடைசிப் பகுதி. இரண்டுக்கு இரண்டு. ரெம்பல் கணக்கும் டானிலோ கணக்கும் சமம். லெஸ்யாவின் காபி ஆறிப்போய்க் கிடந்தது.

எதிரணிக்காரன் ஒருவன் தூரத்தில், பக்கவாட்டுப் பலகையை ஒட்டி நின்று மட்டையை ஓங்கினான். அந்த அடியை உடம்பால் தடுக்க டானிலோ பாய்ந்து பனியில் படுத்தான். வட்டு அவன் விலாவில் மோதிய சத்தம் மேல்படிவரை கேட்டது. அரங்கமே எழுந்து நின்றது. ஆட்டக்காரர்கள் மட்டையால் பலகையைத் தட்டிப் பாராட்டினார்கள்.

"அவனுக்கு விலா எலும்பா, இரும்பா?" என்று கத்தினான், பக்கத்தில் ஸ்கோர் பலகையை இயக்கும் வால்ட். "என்னம்மா, கைகூடத் தட்டாம உக்காந்திருக்க?"

அவளுக்கும் பெருமைதான். ஆனால் கண் வேறொன்றைப் பார்த்திருந்தது. வீடியோவைப் பின்னால் ஓட்டினாள். தம்பி படுப்பதற்காக, தான் காவல் காக்கவேண்டிய எதிரணி ஆளை விட்டுவிட்டிருந்தான். விலாவில் பட்ட வட்டு நேராக அந்த ஆளிடம் போயிருந்தது. வீட்டுக்குள், தன்னந்தனியாக. ஸ்கேட் கீறிய பள்ளத்தில் வட்டு துள்ளி, அவன் மட்டையைத் தாண்டிப் போய்விட்டது. கோலை நோக்கி அடி விழாததால் ஷாட் இல்லை. ஆட்டத்தின் எந்தக் கணக்கிலும் ஏறாது. கைதட்டிய ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

விட்டுவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

ரெம்பல் கேட்பான். கேட்காவிட்டாலும், அவனுக்குச் சொன்ன பதில் அவளுடையதுதானே.  டானிலோ பெயரை அழுத்தினாள்.

மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தார்கள். கோச் அறைக்குள் அந்த வீடியோத் துண்டு ஓடியது.

"இதுல ஷாட்டே இல்லையே?"

"ஷாட் இல்ல கோச். வாய்ப்பு உண்டு."

"யாரோடது?"

"படுத்தவனோடது."

 பிரெஸ்லர் திரையை நிறுத்திவிட்டு, "டானிலோவை வரச்சொல்லு" என்றார்.

நடைக்கூடத்தில் அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். உள்ளே பேச்சு நீளவில்லை. கதவு திறந்தது. டானிலோ ஒரு கையால் விலாவைப் பிடித்திருந்தான்.

"வடக்க ஒரு டீம் எடுத்துக்குதாம். காலைல பஸ்." அவள் கையிலிருந்த மடிக்கணினியைப் பார்த்தான். "நீதான் அதை என் பேர்ல போட்டியா?"

"நான்தான்."

"ஊரே கைதட்டுச்சு லெஸ்யா!"

"தட்டுச்சு. அந்த அடி கீப்பருக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சுது. தூக்கத்துலயே பிடிச்சிருப்பான். நீ நின்னிருக்கணும்."

"காட்டு."

மடிக்கணினியைத் திறந்து கொடுத்தாள். ஒருமுறை பார்த்தான். மறுபடியும் ஓட்டிப் பார்த்தான். அந்தத் தனி ஆள் தெரிந்ததும் அவன் தாடை இறுகியது.

"ச்சே. முழுசா திறந்து விட்டிருக்கேன்." மூடித் திருப்பித் தந்தான். "அங்க ஆடறதையும் நீ நெட்ல பாத்துக் குறிச்சு அனுப்பு. தம்பின்னு சலுகை காட்டாத."

"இன்னிக்குக் காட்டினேனா?"

"பிசாசு" என்றான். சிரிக்கப் போனவன் விலா வலித்து முகம் சுளித்தான். அவள் அவன் மட்டைகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி முன்னால் நடந்தாள், முகத்தைக் காட்டாமல்.