கொக்கி இல்லாத மாலை

என் தொழில் தையல். யாரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது கழுத்துதான், முகமெல்லாம் அப்புறம். விருத்தாசலம் பாலக்கரையில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களைக்கூட, இவளுக்குப் பின்கழுத்து இறக்கி வெட்டலாம், இவளுக்குக் கூடாது என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டே போவேன். அன்புக்கரசிக்கும் கழுத்துதான் பிழைப்பு. அவள் மணி கோத்து மாலை செய்கிறவள். ஒரே கடையை நடுவில் திரை போட்டுத் தடுத்து, இந்தப் பக்கம் என் தையல் மிஷினும் அந்தப் பக்கம் அவள் மணி டப்பாக்களுமாக வைத்திருக்கிறோம்.

அவளுக்குப் பிறந்த ஊர் நல்லூர் பக்கம். கொளஞ்சிநாதனைக் கட்டிக்கொண்டு விருத்தாசலம் வந்தாள். அவர் செராமிக் தொழிற்பேட்டையில் கரண்ட் சூளைகளுக்கு ரிப்பேர் பார்க்கிறவர். இவளும் அங்கேயே ஒரு பொம்மைக் கம்பெனியில் கிளி பொம்மைக்குக் கண் வைக்கிற வேலைக்குப் போனாள். நாள் முழுக்கக் கிளிக்குக் கண் வைத்து வைத்து அலுத்துப்போய், மிச்சம் விழுந்த வெள்ளை மண்ணை உருட்டி மணி செய்ய ஆரம்பித்தாள். மிளகு அளவில், நெல்லிக்காய் அளவில், வில்லையாக, குழலாக என்று செய்து, யாராவது சூளை வைக்கும்போது பொம்மைகளுக்கு நடுவில் இருக்கிற சந்தில் தன் மணிகளைத் தொங்கவிட்டுச் சுட்டு எடுத்தாள். அப்படியே அது தொழிலாகிவிட்டது.

அவளிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பாள். கல்யாண ஆர்டரா, பாப்பம். வாடகை ஏற்றுகிறார்களா, பாப்பம். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் மணி விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. பிளாஸ்டிக் முத்தைத் தொடவே மாட்டாள். நாலு தடவை வியர்வை பட்டால் வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி தோல் உரியும் என்பாள். கண்ணாடி மணியை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கி, சத்தம் கேட்டுத்தான் வாங்குவாள். மரமணி, தேங்காய்ச் சிரட்டையில் அறுத்த வில்லை, சுடுமண் மணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டப்பா. கோப்பதற்குத் தங்கூஸ் நரம்பு, மெழுகு தேய்த்த பருத்தி நூல், பித்தளைக் கம்பி. என் பக்கம் ஒரு ஊக்கு கிடைக்காது. அவள் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு கையைவிட்டாலும் கேட்ட மணி வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதம், மங்கலம்பேட்டையிலிருந்து சாதிகா வந்தார். ஜவுளிக்கடை சம்சுதீன் பாயின் மனைவி. கூடவே மகள் சனா. நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஃபஹத் பெண்ணாடத்துப் பையன், கத்தாரில் வேலை. துணிகளை என் மேஜையில் வைத்துவிட்டு, "எல்லாத்துக்கும் கழுத்தை மேல வரைக்கும் மூடித் தைச்சிடும்மா" என்றார் சாதிகா.

"வைகாசியில கல்யாணம்ங்கிறீங்க. இப்படி மூடித் தைச்சா பொண்ணு வெந்து போயிடாதா?" என்றேன்.

சாதிகா மகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல நீளமான கழுத்து. அதைச் சுற்றிச் சிவப்பும் பழுப்புமாகத் தடிப்பு ஆறிய தழும்பு. நான் பார்ப்பது தெரிந்ததும் அந்தப் பெண்ணின் கை தானாகக் கழுத்துக்குப் போய் மூடிக்கொண்டது. அவ்வளவு அழகான கழுத்தை இப்படி ஒளித்துவைக்கிறாளே என்று இருந்தது எனக்கு.

நிச்சயத்தன்று கல் வைத்த கவரிங் செட் போட்டிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கழுத்து தடித்துப் புண்ணாகிவிட்டது. துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு எப்படியோ சமாளித்திருக்கிறாள். கடலூரில் தோல் டாக்டர் பார்த்துவிட்டு, நிக்கல் என்கிற உலோகம் உடம்புக்கு ஆகவில்லை, வியாதி எதுவும் இல்லை, அது படாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார்.

"வியாதி இல்லன்னு டாக்டருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? மாப்ள வூட்டுப் பொம்பளைங்க பாத்தாங்கன்னா, பொண்ணுக்கு என்னமோ தோல் வியாதின்னு பேச்சு கெளம்பிடும். தங்கச் சங்கிலியில கூட கொக்கி பட்ட எடத்துல செவந்துடுது. மண்ணு மணியில ஒரு செட்டு செஞ்சு குடும்மா. எதுக்கு மண்ணு மணின்னு மட்டும் வெளியில சொல்லிடாத" என்றார் சாதிகா, திரையைத் தள்ளி அன்புக்கரசியிடம்.

"பாப்பம்ங்க" என்றாள் அவள். அந்த ஒரு தடவை எனக்கு அவளை அடிக்கலாம் போலிருந்தது.

ஆனால் அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்துவிட்டாள். முதலில் மணிக்கு மணி நடுவில் வைக்க ஜெர்மன் சில்வர் குமிழ் வாங்கிவந்தாள். வெள்ளி ஒன்றும் செய்யாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். சனாவை வரச்சொல்லி ஒரு குமிழை மணிக்கட்டில் கட்டிப் பார்த்தோம். டீ குடித்து முடிப்பதற்குள் அந்த இடம் சிவந்துவிட்டது. பேரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பதில் பாதி செம்பும் மீதி நிக்கலும் துத்தநாகமும் என்று அப்புறம் தெரிந்தது. குமிழ்களை அன்புக்கரசி ஒரு பொட்டலமாகக் கட்டி மேல் தட்டில் போட்டாள்.

பிறகு உலோகமே வேண்டாம் என்று முடிவு செய்தாள். பால் வெள்ளையிலும் கிளிப்பச்சையிலும் செராமிக் மணி, கோப்பதற்கு மெழுகு நூல், கொக்கிக்குப் பதிலாக ஒரு முனையில் நூல் கண்ணி, மறு முனையில் அதற்குள் மாட்டுகிற ஒரு பெரிய மணி. பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. சனா அதைப் போட்டுக்கொண்டு என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ரவிக்கைக்குப் பட்டி வைத்துக்கொண்டே அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கை மேலே போனது. மணி பட்ட இடத்திலெல்லாம் புள்ளி புள்ளியாகச் சிவப்பு.

"பரவால்லக்கா, முன்ன மாதிரி இல்ல. கொஞ்சமாதான் அரிக்குது" என்றாள் சனா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. சுட்ட மண்ணும் நூலும்கூட அவளுக்கு ஆகாதென்றால் வேறு எதுதான் ஆகும்? அந்தப் பெண் போன பிறகு நான் அன்புக்கரசியிடம் காரணமில்லாமல் கத்தினேன். அவள் ஒரு மணியைக் கண்ணருகே வைத்து, ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரியா, உள்ள கருப்பா என்னமோ ஒட்டியிருக்குது" என்றாள்.

ஈர்க்குச்சியை விட்டுச் சுரண்டினாள். ஓட்டைக்குள்ளிருந்து கருப்புச் செதில் உதிர்ந்தது. கிளேஸ் என்கிற மெருகு பூசிய மணியைச் சூளையில் தட்டின்மேல் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால் கம்பியில் கோத்துத் தொங்கவிடுவார்கள். சாதாரணக் கம்பி அந்தச் சூட்டில் வளைந்துவிடும் என்பதால், பேட்டையில் மணி செய்கிற எல்லாருமே சூளையிலிருந்து கழற்றிப்போட்ட பழைய காயில் கம்பியை, அதாவது சூடேற்றுகிற சுருள் கம்பியைத்தான் நீட்டி வைத்துக்கொள்வார்கள். அன்புக்கரசிக்கு அந்தக் கம்பியைக் கொண்டுவந்து கொடுப்பவர் அவள் வீட்டுக்காரர்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கொளஞ்சிநாதனிடம் செதிலைக் காட்டிக் கேட்டாள்.

"காயில் கம்பியா? அதுல முக்காவாசி நிக்கலுதான். அதனாலதான் அந்தச் சூட்டுலயும் நிக்குது" என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடி.

"ஒரு மாசமா இந்தக் கடையில நிக்கலு நிக்கலுன்னு கத்திக்கிட்டு இருக்கோமே, காதுல வுழலையா?" என்றாள் அன்புக்கரசி.

"நீங்க நகையைப் பத்தி பேசுறீங்கன்னு நெனச்சேன். நான் சூளைய நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் மனுஷன். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அப்புறம் கம்பியே இல்லாமல் சுட வேண்டும் என்று இறங்கினாள் அன்புக்கரசி. மண்ணையே குச்சியாகத் திரட்டி, முதலில் அதைச் சுட்டு, அந்தக் குச்சிகளில் மணிகளைக் கோத்து வைத்தாள். முதல் தடவை குச்சிகள் நடுவில் தொய்ந்து, பாதி மணி ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக்கொத்தாக வந்தது. அடுத்த தடவை குச்சியைத் தடிமனாக்கினாள், மணியின் ஓட்டையைப் பெரிதாக்கினாள், ஓட்டைக்குள் போன கிளேஸை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். இந்தத் தடவை ஓட்டைக்குள்ளும் கருப்பு இல்லாமல் பால் வெள்ளையாகவே வந்தது.

இதற்கு நடுவில்தான் ஜெய்த்தூன்பீ வந்தார். ஃபஹத்தின் அம்மா. பெண்ணாடத்திலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்திருந்தார். பேட்டையில் யாரோ அன்புக்கரசியின் பேரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உட்கார்ந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்கள்ல நிக்காஹ் அன்னிக்கு மாப்ள வூட்டுலேருந்து பொண்ணுக்குக் கருகமணி கட்டணும். எங்க வூட்டுல மாமியார்தான் கட்டுறது வழக்கம். பழசு ஒண்ணு இருக்குது, தங்கக் குண்டு, தங்கக் கொக்கியெல்லாம் வச்சது. அதைக் கட்ட எனக்கு மனசு வரல. நிச்சயத்தன்னிக்கு அந்தப் புள்ள துப்பட்டாவ இழுத்து இழுத்து வுட்டுக்கிட்டு இருந்துச்சு. கழுத்தெல்லாம் தடிச்சிருந்ததை நான் பாத்துட்டேன். கருப்புல மண்ணு மணி போட்டு, நூல்லயே ஒண்ணு கோத்துக் குடும்மா."

அன்புக்கரசி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன்.

"நான் பாத்துட்டேன்னு அவங்க வூட்டுல தெரிய வேணாம். தெரிஞ்சா அந்தப் புள்ள கூசிப் போயிடும்" என்றார் ஜெய்த்தூன்பீ.

அவர் தெருமுனை தாண்டியதும் நான் போனை எடுத்தேன். சாதிகாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வீட்டில் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். அன்புக்கரசி போனைக் கையிலிருந்து வாங்கித் தன் மணி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"ரெண்டு பேரும் சொல்லாதேன்னு சொல்லித்தான் குடுத்துருக்காங்க. நம்ம வேல கோக்கறது" என்றாள்.

"இது அநியாயம்."

"இருக்கட்டும்."

நிக்காஹ் மங்கலம்பேட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் இருவருக்கும் அழைப்பு. பெண்கள் பக்கம் சனா நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் தைத்த உடுப்பு தொண்டைவரை மூடியிருந்தது. அதன்மேல் வெள்ளையும் பச்சையுமாக அன்புக்கரசியின் செட். செட் சரியாக இருக்கிறது என்பது கடையிலேயே போட்டுப் பார்த்துத் தெரிந்ததுதான். ஆனாலும் ஃபேன் காற்று போதாமல் எல்லாரும் வியர்த்து வழிய, என் கண் அந்தக் கழுத்தைவிட்டு நகரவில்லை. உடுப்பின் பட்டிக்கு மேலே தெரிந்த இடம் சுத்தமாக இருந்தது.

ஆண்கள் பக்கம் நிக்காஹ் முடிந்து, ஜெய்த்தூன்பீ கையில் ஒரு வெல்வெட் பெட்டியோடு வந்தார். பக்கத்தில் நின்ற சாதிகா என் மணிக்கட்டைப் பிடித்தார். 

"பிரியா, கருகமணிய மறந்தே போயிட்டேனே. தங்கத்துல கோத்துத்தானே கொண்டாந்திருப்பாங்க? வேணாம்னு எப்படிச் சொல்றது? கழட்டவும் கூடாதே" என்றார். இப்போது சொன்னால் என்ன என்று நாக்கு துடித்தது. அதற்குள் பெட்டி திறந்துவிட்டது.

சனாவும் பெட்டியைப் பார்த்தாள். கை தானாக மேலே போய்க் கழுத்தை மூடிக்கொண்டது.  அவளால் கையை எடுக்க முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. ஜெய்த்தூன்பீ அவசரப்படவில்லை. குனிந்து, அந்தக் கையைத் தன் கையில் எடுத்து, கருகமணியை அதன் உள்ளங்கையில் வைத்தார்.

"தொட்டுப் பாரும்மா. இதுல கொக்கி கெடையாது. மண்ணும் நூலும்தான்."

சனா விரலால் தடவினாள். முனையில் நூல் கண்ணி, மறு முனையில் ஒரு பெரிய மணி. அவள் கழுத்தில் கிடந்த மாலைக்கும் அதேதான். யார் கைவேலை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தில் அன்புக்கரசியைத் தேடிப் பார்த்தாள், அப்புறம் மாமியாரைப் பார்த்தாள், அப்புறம் அழுதாள். ஜெய்த்தூன்பீ கண்ணியை மணியில் மாட்டிவிட்டு, மருமகள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். சாதிகா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். என் மணிக்கட்டில் அவர் விரல் பதிந்த தடம் மறையக் கொஞ்ச நேரமாயிற்று.

பிரியாணிப் பந்தியில் அவர் அன்புக்கரசியைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்கு முன்னாடியே தெரியும்ல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தூங்கியிருப்பேனே."

"ஒங்க சம்பந்தியம்மாவையும் கேட்டுப் பாருங்க, இதத்தான் சொல்லுவாங்க. ரெண்டு பேருமே சொல்லாதேன்னீங்க" என்றாள் அன்புக்கரசி. சாதிகா சிரித்துவிட்டு அவள் இலையில் இன்னொரு கறித்துண்டை வைத்தார். நான் இரண்டு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்ததற்கு என் இலையில் யாரும் எதுவும் வைக்கவில்லை.

ஆடி பிறக்கும் முன்பே சனா கடைக்கு வந்தாள். கூட ஜெய்த்தூன்பீ. பை நிறைய நான் தைத்துக்கொடுத்த ரவிக்கைகளும் சுடிதார்களும். தைத்த துணியைப் பிரிக்கச் சொன்னால் நான் என்ன பேசுவேன் என்பது பாலக்கரை முழுக்கத் தெரியும். அதனால் அவள் தயங்கித் தயங்கித்தான் எடுத்து வைத்தாள்.

"அக்கா, கழுத்த எல்லாத்துலயும் கொஞ்சம் எறக்கணும்."

"எவ்ளோ எறக்கணும்?"

அவள் தொண்டைக்குக் கீழே ஒரு விரலை வைத்துக் காட்டினாள். தழும்பு மங்கியிருந்தது. கருகமணி அதன்மேல் சும்மா கிடந்தது. கை அங்கே காட்டத்தான் போனதே தவிர, மூடப் போகவில்லை.

"இன்னும் ரெண்டு வெரக்கட எறக்கி வெட்டும்மா. மணி வெளியில தெரிய வேணாமா?" என்றார் ஜெய்த்தூன்பீ.

நான் ஒரு பேச்சும் பேசாமல் கத்தரிக்கோலை எடுத்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அன்புக்கரசி மணியைக் குலுக்கிச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.