புகைபோக்கி இல்லாத ஹீட்டர்

என் கணவர் ஒரு பாய்மரப் படகை ஜப்பானில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை ஏற்றிருந்தார். அங்கே குளிர்காலம். கேபினுக்கு ஹீட்டர் வேண்டும்.

"நீதான் படிச்சவ லா, நீயே பார்த்துச் சொல்லு," என்றார்.

கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் இணையத்தில் தேடினேன். ஒரு வகைக்குப் புகைபோக்கி உண்டு; படகின் கூரையில் துளை போட வேண்டும். பினாங்கு மழையில் வளர்ந்த எனக்குத் துளை என்றாலே ஒழுகல்தான். புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டரை வாங்கச் சொன்னேன்.

படகு தைவானைத் தாண்டிய பிறகு, எங்கள் ஊர்ப் படகுத்துறை மெக்கானிக் அண்ணனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"ஐயோ தங்கச்சி, கதவ மூடிட்டு அதப் பத்த வச்சா விஷக்காத்து உள்ளேயே தங்கிடும். தூங்குறவங்க எழும்ப மாட்டாங்க."

உடனே செய்தி அனுப்பினேன். நடுக்கடலில் சிக்னல் இல்லை. ஒற்றை டிக்கையே மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை அழுவதுகூடத் தாமதமாகத்தான் காதில் விழுந்தது.

நான்காம் நாள் ஒரு துறைமுகத்திலிருந்து அழைத்தார்.

"கோவிச்சுக்காத. நீ சொன்ன ஹீட்டர் ஒரே நாத்தம் லா. ஒரு தடவ போட்டு அணைச்சிட்டோம். போர்வையிலயே சமாளிச்சோம்."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! "எனக்குத் தெரியாதுங்க" என்று அவர் கேட்ட அன்றே சொல்லியிருக்கலாம். படித்தவள் என்ற பெயர் அதைச் சொல்லவிடவில்லை.