ரவிக்கை உட்காராத தோள்

அளவு நாடா என் முதுகின் குறுக்கே போனது, இடது தோளுக்கு வந்ததும் நின்றுவிட்டது. தம்பியின் கல்யாணத்துக்கான ரவிக்கைக்கு அளவு கொடுக்கக் கஹவத்தை டவுனுக்குப் போயிருந்தேன். தைத்துத் தந்தவர் ஒரு முஸ்லிம் அம்மா. அவர்கள் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அப்படித்தான் அழைப்பேன். பத்து வருடமாக என் அளவு அவருக்கு மனப்பாடம். அன்றைக்கு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன புள்ள இது? முன்னுக்குத் தோள் தட்டையா இருக்கு, பின்னுக்குத் துருத்திக்கிட்டு நிக்குது. கைய நீட்டி உள்ளங்கைய மேல திருப்பு பாப்பம்."

வலது கை திரும்பியது. இடது கை திரும்பவில்லை. வயிற்றோடு ஒட்டிக்கொள்ளத்தான் பார்த்தது.

"படியில வழுக்கி விழுந்துட்டேன் தாத்தா. படம் புடிச்சுப் பாத்தாங்க. எலும்பு ஒடயலன்னு சொல்லிட்டாங்க."

"போன கிழம துணி தர வந்தநேரம் கானுக்குள்ள விழுந்த எண்டுதானே சொன்ன?"

அழுதுகொண்டே உள்ளதைச் சொல்லிவிட்டேன். படியுமில்லை, சாக்கடைக் கானுமில்லை. நாலு வாரத்துக்கு முன் ஒரு காலையில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் அடுப்படியில் எனக்கு வலிப்பு வந்திருந்தது. சின்ன வயதில் இரண்டு தடவை வந்தது. பிறகு வராததால் மாத்திரையை நானே நிறுத்தியிருந்தேன். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வலிப்புக்காரி கையில் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? அம்மாதான் பயந்துபோய், "விழுந்துட்டேன்னு சொல்லிரும்மா" என்றார். ஆஸ்பத்திரியில் அதையே சொன்னேன். நேராக நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். சதைப் பிடிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அம்மா தினமும் தைலம் தேய்த்துவிட்டார். தேய்க்கத் தேய்க்க வலி கூடியதே தவிரக் குறையவில்லை. தலை சீவக்கூட முடியாமல் போனது.

தாத்தா கடையை மூடினார். கையிலிருந்த மற்ற வேலைகளையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். "உள்ளத நீ சொல்லு. நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்" என்று வழி முழுக்க ஒரே பேச்சு.

அங்கே இருந்தவர் இளம் டாக்டர் அம்மா. வலிப்பு என்று சிங்களத்தில் நான் சொன்னதுமே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். என் முழங்கையை விலாவோடு மடக்கிப் பிடித்துக் கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. வேறு கோணத்தில், பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொன்னார். தோள் மூட்டின் பந்து குழியை விட்டுப் பின்பக்கம் நழுவியிருந்தது. வலிப்பு வரும்போது உடம்பில் உள்ள சதையெல்லாம் ஒரே நேரத்தில் இறுகும், தோளை உள்பக்கம் இழுக்கும் சதைக்குப் பலம் அதிகம், அதனால் விழாமலேயே பந்து பின்னால் போய்விடும் என்று விளக்கினார். முன்னாலிருந்து எடுக்கும் படத்தில் அது பெரும்பாலும் சரியாக இருப்பது போலத்தான் தெரியுமாம். "வலிப்பு என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே தேடியிருப்போம்" என்றார். என்மேல் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

நாள் கடந்துவிட்டதால் ஒப்பரேஷன் செய்துதான் பந்தைக் குழியில் வைக்க முடிந்தது. கட்டுப் போட்ட கையோடு நான் படுத்திருந்தபோது தாத்தா ஒரு பொட்டலத்தோடு வந்தார். இடது தோளில் கையை நுழைக்கத் தேவையில்லாமல், மேலே கொக்கி வைத்துத் தைத்த சட்டைகள் மூன்று. யாரும் கேட்காமலே தைத்திருந்தார். தம்பியின் கல்யாணத்துக்கும் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

பிள்ளைக் காம்பராவில் உண்மையைச் சொன்னேன். வேலை போகவில்லை. தனியாகப் பிள்ளைகளைத் தூக்கவோ குளிப்பாட்டவோ விடமாட்டார்கள், அவ்வளவுதான். சோறூட்டுகிறேன், பாட்டுச் சொல்லித் தருகிறேன். இடது கை தலைக்கு மேல் முழுதாக எழும்பாது. தலை சீவ வருகிறது.

போன மாதம் பக்கத்து லயத்து அண்ணனுக்கு வலிப்பு வந்தது. தெளிந்த பிறகும் கை வயிற்றோடு ஒட்டியபடியே இருந்தது. அவர் மனைவி என் காதோரம், "விழுந்துட்டாருன்னு சொல்லிருவோமா?" என்று கேட்டார்.

"வேணாங்க்கா. நானும் வாறேன்" என்று ஆட்டோவில் ஏறினேன். வலிப்பைப் பற்றி நானே முதலில் சொன்னேன். அன்றைக்கே பக்கவாட்டுப் படமும் எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, கத்தி வைக்காமலே மூட்டைச் சேர்த்துவிட்டார்கள்.

தாத்தா இப்போது எம்பிலிப்பிட்டியவில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் போட்டு எல்லாம் சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "அது சரி, நீ இண்டைக்கு மாத்திரை போட்டியா?"

"போட்டுட்டேன் தாத்தா."