ஜாங்ஙான் என்றுதான் சொன்னேன்

முதலில் எனக்குத் தெரிந்தது பல்தான். பாலிக் பூலாவ் சாலையோர வாய்க்காலில் குப்புறக் கிடந்தேன். வாயை மூடப் பார்த்தேன். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று சேரவில்லை. யாருடைய வாயையோ என் முகத்தில் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. வலி அப்புறம்தான் வந்தது, முதலாளி வருவது போல நிதானமாக.

பல் வரிசை மாறிப் போவதுதான் தாடை முறிவின் முதல் அடையாளம் என்று டாக்டர் பிறகு சொன்னார். வேறு எங்கே இரத்தம் வந்தாலும் சரி, பல் சேரவில்லை என்றால் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கு அப்போது அது தெரியாது. தாடையைத் தொங்கவிட்டபடி ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரி வரை வந்து சேர்ந்தேன்.

எனக்குக் கட்டுப்போட்ட டிரெசர் (புண்ணைக் கழுவி மருந்து வைப்பவர்) கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். பற்களைக் கம்பியால் கட்டிப் படுத்துக் கிடப்பவர்களுக்கும், அவர்களுக்குக் கஞ்சி ஊட்டுகிறவர்களுக்கும் இது உதவும் என்றார். கஞ்சியைப் பற்றி மட்டும் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார், பாவம்.

நான் லாரியில் கெலிண்டான். சரக்கை ஏற்றி இறக்குவதும், ஓட்டுநருக்கு வழி பார்த்துச் சொல்வதும் கெலிண்டானின் வேலை. ஓட்டுநர் என் அக்கா பாக்கியத்தின் கணவர் சின்னையா. பதினோரு வருடம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்தேன். மச்சான் என்றால் எனக்கு உயிர். இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

வலப்பக்கம் வளையும் திருப்பங்களில் ஓட்டுநருக்கு எதிர்வண்டி தெரியாது. மேட்டு மண் மறைக்கும். இடப்பக்கத்து மிதிபலகையில் நிற்கும் எனக்குத் தெரியும். வழி காலியாக இருந்தால் ‘ஜாலான்’ என்று கத்துவேன்; போகலாம் என்று அர்த்தம். வண்டி வந்தால் ‘ஜாங்ஙான்’ என்பேன். வேண்டாம் என்று அர்த்தம். இரண்டும் மலாய்ச் சொற்கள். லாரித் தொழிலை மலாய்க்கார ஓட்டுநர்களிடம் கற்றுக்கொண்டதால் சொல்லும் அவர்களுடையதாகவே எங்களிடம் வந்தது. ‘போ’, ‘வேணாம்’ என்று தமிழில் கத்திப் பழகியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

அன்று மதியம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அளவுக்கு மீறித் தேங்காய் ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் இறங்கி வந்தோம். திருப்பத்துக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரியின் கூரை ஏறி வருவதைப் பார்த்தேன். ‘ஜாங்ஙான்’ என்று தொண்டை கிழியக் கத்தினேன். எங்கள் லாரி வலப்பக்கம் ஏறியது.

லாரிகள் ஏன் நேருக்கு நேர் மோதுகின்றன என்று காப்பிக்கடையில் கேட்டால் தூக்கம் என்பார்கள், கள் என்பார்கள், தலையெழுத்து என்பார்கள். மிதிபலகையில் வருடக்கணக்கில் நின்றவன் சொல்கிறேன். இறக்கத்தில் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது நிறுத்துவதைவிட முந்திப்போவது சுலபம். தேய்ந்த பிரேக்கை மிதித்துப் பார்த்து, அது பிடிக்காமல் போய்விடுமோ என்று பயப்படுவதற்குப் பதில், எதிரே யாரும் வரமாட்டார்கள் என்று நம்பிவிடுகிறார்கள். பாரத்தை ஏற்றச் சொன்னவர் சரக்குக் கிட்டங்கியில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்.

எதிர்லாரியை ஓட்டி வந்தவர் ஆயர் ஈத்தாமைச் சேர்ந்த ஒரு சீனர். தன் பக்கத்திலேயே, வெறும் வண்டியோடு ஏறி வந்தவர். ஸ்டியரிங் நெஞ்சில் இறங்கி அங்கேயே இறந்துபோனார். எனக்கு இது மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நாக்கு நுனி கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் வெள்ளிக் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். எலும்பு கூடும்வரை ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது. கட்டில் கம்பியில் ஒரு சிறிய வெட்டுக்குறட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டார் டிரெசர். வாந்தி வந்தால் மூச்சு அடைத்துவிடும், உடனே கம்பியை வெட்ட வேண்டும் என்று பக்கத்துக் கட்டில்காரருக்கும் காட்டிக்கொடுத்தார். உங்கள் கட்டிலில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நான் தினமும் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் தேடுவேன்.

சாப்பாடு கடைவாயில் விழுந்த பல்லின் சந்து வழியாகத்தான். மூக்கு வைத்த பீங்கான் கோப்பையில் அக்கா கஞ்சி கொண்டுவருவாள். வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டிய கஞ்சி. ஊட்டி முடித்ததும் உப்புத் தண்ணீரால் வாயைக் கழுவிவிடுவாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அதை என் மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச முடியாததால் டிரெசர் ஒரு சிலேட்டைக் கொடுத்திருந்தார். தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தது அப்போது பயன்பட்டது. ‘தண்ணீர்’, ‘தலையணை’, ‘மச்சான் எங்கே’ என்று எழுதுவேன். மச்சான் வரவேயில்லை. அவருக்கும் விலா எலும்பில் அடி, வீட்டில் படுத்திருக்கிறார் என்று அக்கா சொன்னாள்.

இரண்டாம் வாரம் ஒரு போலீஸ் சார்ஜண்ட் வந்தார். தமிழ் தெரிந்தவர். திருப்பத்தில் நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். சிலேட்டில் ‘ஜாங்ஙான்’ என்று எழுதினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் அக்கா அதைப் படித்துவிட்டாள். கஞ்சி சிந்தியதைத் துடைக்கிறவள் போல முந்தானையால் அந்தச் சொல்லைத் துடைத்து, வெறும் சிலேட்டை என் மடியில் வைத்தாள்.

“அவனுக்கு ஒண்ணும் ஞாபகமில்லைங்கையா,” என்றாள்.

சார்ஜண்ட் என்னைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். நான் உண்மையை எழுதினால் மச்சான் சிறைக்குப் போவார். பிரேக் பிடிக்கவில்லை என்று அவரே எப்படியாவது சொல்லிக்கொள்வார், நான் சும்மா இருந்தால் போதும் என்று என் மூளைக்குப் பட்டது. ஆமாம், ஞாபகமில்லை என்று தலையை ஆட்டினேன். சார்ஜண்ட் எழுதிக்கொண்டு போனார்.

கம்பியை அவிழ்க்கும் நாளை எல்லோரும் திருநாள் போல நினைப்பார்கள். அப்படி எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். கம்பி போனாலும் வாய் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குத்தான் திறந்தது. கீழுதடு மரத்துப் போயிருந்தது. தையல் போட்ட நாக்கு நுனி அடிவாயோடு ஒட்டிக்கொண்டு எழவில்லை, ஆறு வாரம் அசையாத பின்நாக்கும் அண்ணத்தைத் தொடவில்லை. நான் பேசிய முதல் வார்த்தை ‘அக்கா’. ‘அஹ்ஹா’ என்று வந்தது. அவள் அழுதாள்.

மரண விசாரணையை (ஒருவர் எப்படி இறந்தார் என்று மாஜிஸ்திரேட் விசாரிப்பது) நான் தேறும் வரை ஒத்திவைத்திருந்தார்கள். சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததிலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. மச்சானின் வாக்குமூலத்தைப் படித்தபோது புரிந்தது.

‘கெலிண்டான் ஜாலான் என்று சொன்னான். அவன் சொல்லை நம்பித்தான் வலப்பக்கம் ஏறினேன்.’

விபத்து நடந்த மறுநாளே கொடுத்த வாக்குமூலம் அது. நான் மயக்க மருந்தில் கிடந்த நாள். அக்கா சிலேட்டைத் துடைத்தது அதற்கு எத்தனையோ நாள் கழித்து. அப்படியென்றால் தெரிந்தேதான் துடைத்திருக்கிறாள். புருஷனைக் காப்பாற்ற என் வாயை அடைத்தாள் என்பதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். நான் ஒருவனைக் கொன்றதாக ஊர் சொல்லும் என்று தெரிந்துகொண்டே வடிகட்டி வடிகட்டிக் கஞ்சி ஊட்டினாளே, அது இன்றும் எனக்கு ஆறவில்லை.

அப்படிச் சொல்லவில்லை என்று முடிந்தவரை கத்தினேன். மாஜிஸ்திரேட் பொறுமையான மனிதர். இரண்டு சொல்லையும் சொல்லிக் காட்டச் சொன்னார். முதல் சொல்லைச் சொன்னேன். ‘ஜா… ஆ’ என்று வந்தது. இரண்டாவதைச் சொன்னேன். அதுவும் ‘ஜா… ஆ’ என்றே வந்தது. மொழிபெயர்ப்பாளர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, வித்தியாசம் தெரியவில்லை என்றார். காகிதம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். இப்போது என்ன எழுதுகிறாய் என்பது கேள்வியில்லை, அன்று என்ன காதில் விழுந்தது என்பதுதான் கேள்வி என்றார் மாஜிஸ்திரேட். ஞாபகமில்லை என்று சார்ஜண்டிடம் தலையாட்டியவனுக்கு எப்போது ஞாபகம் வந்தது என்றும் கேட்டார். மாட்டுவண்டிக்காரர், ஏதோ கத்தினார்கள், என்னவென்று தெரியாது என்றார்.

தவறுதலாக நேர்ந்த விபத்து, கெலிண்டானின் கூவல் ஓட்டுநரைத் திசைதிருப்பியது என்று முடிவாயிற்று. மச்சான் தலை குனிந்தபடி வெளியே போனார். லைசன்ஸ் அவர் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

ஒரு வக்கீல் குமாஸ்தா எனக்காக இரங்கிச் சட்டத்தை விளக்கினார். தன் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் ஏறுகிறவன்தான் பொதுவாகப் பொறுப்பு. அவனை ஏற்றியது இன்னொருவன் சொல் என்று வந்தால் பழி பங்காகிவிடும். ஒரே முதலாளியிடம் வேலை செய்யும் இருவரில் ஒருவன் தவறால் மற்றவன் காயப்பட்டால், அது தொழிலோடு வருகிற ஆபத்து, முதலாளி பொறுப்பில்லை என்றும் ஒரு விதி உண்டாம். அதிகப் பாரம் ஏற்றச் சொன்னவரின் பெயர் விசாரணையில் ஒரு தடவைகூட வரவில்லை. சட்டத்தின் எல்லா வாசலிலும் போய் நின்று பார்த்தேன், உள்ளே யாரும் கூப்பிடவில்லை.

அக்கா வீட்டை விட்டுப் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் குடியேறினேன். டிரெசர் சொன்ன பயிற்சியைச் செய்தேன். மெல்லிய மூங்கில் சில்லுகளைப் பற்களுக்கு நடுவே அடுக்கி, சில நாளுக்கொருமுறை ஒன்றைக் கூட்ட வேண்டும். கண்ணில் நீர் வரும், விட்டுவிடாதீர்கள். விட்டால் தாடை அப்படியே இறுகிவிடும். மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்தால் குணம் என்று கணக்கு. நாக்குக்கு ஏதாவது சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். எந்தச் சொற்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் மச்சான் வந்தார். அக்கா கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அப்புறம் தானாகவே சொன்னார்.

“காதுல விழுந்துச்சு மாப்ளே. ஜாங்ஙான்னுதான் விழுந்துச்சு. லோடு தள்ளுது, பிரேக்கு நிக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. ஏறிட்டேன்.”

“அங்க சொல்லியிருக்கலாமே,” என்றேன். என் பேச்சு அப்போதும் குழறியது. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

“சொன்னா உள்ள போயிருப்பேன், பிள்ளைங்க தெருவுல நிக்கும். ஒனக்கு எப்படியும் பேச்சு வராதுன்னு ஆஸ்பத்திரியில பேசிக்கிட்டாங்க. அதான்…”

அதான் என்பதோடு நிறுத்திக்கொண்டார். உடைந்த வாயில் ஒரு பழியைக் கூடுதலாக வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். தூக்குச்சட்டியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அதை நான் திறந்து பார்க்கக்கூட இல்லை. மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சொல்லுங்கள் என்று கேட்டேன். போகிறேன் என்றார். போகவில்லை.

விபத்து நடந்து பதினான்காவது மாதம். டிரெசரிடம் முதுகைத் திருப்பி நிற்கச் சொன்னேன். இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் பத்து முறை சொன்னேன். பத்தையும் அவர் சரியாகச் சொன்னார். இது ஜாலான், இது ஜாங்ஙான் என்று விரல்விட்டு எண்ணியவர், திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அழுதுவிட்டேன். திருப்பத்தில் ஒரு மூச்சு நேரத்தில் கத்திய சொல், அன்றைக்குத்தான் இன்னொருவர் காதில் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை ஆயர் ஈத்தாமுக்குப் போனேன். இறந்தவரின் மனைவி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார், அதே போல வாயைப் பார்த்தார். உடைந்த மலாயில் சொன்னேன். அன்று நான் சொன்னது ஜாங்ஙான். ஓட்டியவரே அதை என்னிடம் ஒப்புக்கொண்டார். என் ‘ங’ கணீரென்று வந்தது. அவர் கையில் இருந்த துணியைப் பிழியாமல் வைத்துக்கொண்டே கேட்டார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன், முகம் கொஞ்சம் இளகியது.

பிறகு அவரும் மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார். போலீஸ் வந்து கேட்ட அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?

சிலேட்டைத் துடைத்தது அக்காவின் முந்தானை. தலையை ஆட்டியது நான். இதை எந்த மொழியில் சொன்னாலும் அவருக்கு என்ன ஆகப்போகிறது? பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூன்று விரல் அளவு முழுசாகத் திறந்தது. எதுவும் வரவில்லை. அவர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.