பரவாயில்லை மலையேறிய கதை

ஹோட்டலின் சலவைப் பிரிவில் அவளுக்குப் ‘பரவாயில்லை அக்கா’ என்றுதான் பெயர். லீவு நாளில் வேலைக்குக் கூப்பிட்டால், பரவாயில்லை. அவள் தேய்த்து அடுக்கிய விரிப்புகள் மேல் யாராவது ஈரத்துண்டை வீசினால், பரவாயில்லை. வீட்டில் அண்ணன் அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காவிட்டாலும் பரவாயில்லை. இப்படி ஒருத்தி கிடைத்தால் ஊர் சும்மா இருக்குமா? ஆளாளுக்கு அவள் தலையில் மிளகாய் அரைத்தார்கள்.

அப்படிப்பட்டவள், பூங்காவில் தன்னோடு நடக்கிற கூட்டத்தோடு சேர்ந்து வெளிநாட்டுக்கு மலையேறப் போவதாக ஒருநாள் அறிவித்தாள். இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒரு பனிக் கணவாய். யாரோ செல்போனில் காட்டிய அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

அண்ணன் சிரித்தான். “மாடிப்படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்குது. மலையா?”

“வாங்கட்டும். வாங்கின மூச்சைத் திருப்பிக் குடுத்துக்கிட்டே ஏறுவேன்.”

மறுநாளே லிஃப்டைக் கைவிட்டாள். தேய்த்த விரிப்புகளைச் சுமந்துகொண்டு மாடி மாடியாகப் படியேறினாள். “என் பொழைப்புல மண்ணைப் போடாதம்மா” என்று லிஃப்ட்காரர் கேலி செய்தார். முழங்கால் கெஞ்சியது. அவள் வருஷம் முழுக்க விடவில்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியே நகருமாம், முழங்கால் நகராதா?

கடைசியில் அண்ணியும் கிளம்பிவிட்டாள். “இவளை நம்பித் தனியா அனுப்ப முடியுமா? எவனாவது மலையைத் தூக்கிட்டு வான்னா, பரவாயில்லைன்னு தூக்கிட்டு வருவா.” அண்ணிக்கு வாய் நீளம். மனசில் ஒன்றும் கிடையாது.

மலைக்கு அழைத்துப்போன வழிகாட்டிக்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தை தெரியும். முன்பு வந்த ஏதோ ஒரு தமிழ்க் கூட்டம் கற்றுக்கொடுத்திருந்தது. தினமும் காலையில் ஒவ்வொரு கூடாரமாக எட்டிப் பார்த்து, “பரவாயில்லையா?” என்பார். உள்ளிருந்து “பரவாயில்லை!” என்று குரல் வரும். எல்லாம் நலம் என்று அடுத்த கூடாரத்துக்குப் போய்விடுவார். தலைவலி, வாந்தி வந்தால் மறைக்காதீர்கள், மேலே போனால் உயிருக்கே ஆபத்து, உடனே இறங்க வேண்டும் என்று முதல் நாளே ஆங்கிலத்தில் எச்சரித்திருந்தார். அவள்தான் அதை அண்ணிக்குத் தமிழில் சொன்னாள்.

கணவாய் ஏற வேண்டிய காலை. கூடாரத்துக்குப் பின்னால் இருமுறை வாந்தி எடுத்துவிட்டு வந்த அண்ணிக்கு, ஷூ கயிற்றைக்கூடக் கட்ட முடியவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து வழிகாட்டி எட்டிப் பார்த்தார்.

“பரவாயில்லையா?”

“பரவாயில்லை” என்றாள் அண்ணி, பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் நகர்ந்தார்.

நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததும் அண்ணிக்குப் புரிந்துவிட்டது. “வாயைத் திறந்தே, உன்கூடப் பேசவே மாட்டேன். எனக்கு இவங்க பேச்சும் தெரியாது, இங்கிலீஷும் வராது. நான் இறங்கினா நீயும்ல இறங்கணும்?”

அது உண்மை. கூடார வாசலில் கணவாய் வெள்ளையாகத் தெரிந்தது. அவள் அண்ணியைப் பார்க்காமல் அதையே பார்த்தாள். அவ்வளவு ஆசை. ஆனால் அந்த ‘பரவாயில்லை’ எப்படிப்பட்டது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆயுள் முழுக்க அவள் சொன்னதும் இதே பொய்தானே.

வெளியே ஓடினாள். “சார்! பரவாயில்லை இல்லை!”

வழிகாட்டி திரும்பி விழித்தார்.

பதற்றத்தில் அவளுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. “இல்லை! பரவாயில்லை இல்லை!” என்று தலையைப் பிடித்துக் காட்டினாள், குனிந்து வாந்தி எடுப்பதுபோல் நடித்துக் காட்டினாள். அவர் ஓடி வந்தார்.

மற்றவர்கள் மேலே போனார்கள். இவர்கள் இருவரும் ஒரு உதவியாளரோடு கீழே இறங்கினார்கள். அண்ணியைத் தோளில் தாங்கியபடி வழியெல்லாம் அழுதாள். அழுகையை மறைக்கவும் இல்லை.

கீழே விடுதிக்கு வந்து ஓய்வெடுத்த பிறகு அண்ணிக்குத் தலை தெளிந்தது. கொஞ்சம் சூப் குடித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னால உன் ஆசை கெட்டுப்போச்சு. மன்னிச்சிடும்மா.”

சொல்லிவிட்டு, வழக்கமான அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

“பரவாயில்லைன்னு சொல்ற காலமெல்லாம் மலையேறிப் போச்சு அண்ணி. எனக்கு மனசு ஆறவே இல்ல. அடுத்த வருஷம் மறுபடி வர்றோம். ஊருக்குப் போனதும் நீங்களும் என்கூடப் படியேறுறீங்க.”

“ஐயோ, முழங்கால் வலிக்குமே!”

“வலிக்கும். வலிச்சா மறைக்காம சொல்லுங்க.”